பெயர் வைத்தால்தான் கிடைக்கும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடையில் பம்ப் நின்றுபோய் இரண்டு நாள் டேங்கர் லாரித் தண்ணீரில் ஓட்டினோமே, மறந்திருக்க மாட்டீர்கள். வாரண்டி அட்டையைக் காட்டினால் இலவசமாகச் சரிசெய்கிறோம் என்றார்கள். அட்டையின் படம் நம் வாட்ஸ்அப் குழுவில்தான் கிடந்தது. ‘மோட்டார்’ என்று தேடினோம், ‘பம்ப்’ என்று தேடினோம், ஆங்கிலத்திலும் தேடினோம். வரவில்லை. அனுப்பியவர் படத்தின்கீழ் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கும்பிடு மட்டும் போட்டிருந்தார். காசு கொடுத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

குழுவில் தேடும்போது அது எழுத்தைத்தான் தேடும், விஷயத்தை அல்ல. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 வரை இருந்த பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை ரோமன் எழுத்தில் எழுதியபோது, இன்று நாம் எழுதுவதைவிட ஓர் ‘ஏ’ குறைவு. அந்தக் காலத்துக் காகிதம் தேடுகிறவர் இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர் நம் பக்கத்து ஊர்க்காரர். தரங்கம்பாடி தாண்டி வடக்கே போனால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்குப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். படிக்க லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே தகடு, அதே திருகுதான். மாற்றி மாட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். புத்தகத்துக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியது. 1933-ல் வந்தது அவருடைய கோலன் பகுப்பு முறை.

தஞ்சாவூர் நெல்லுக்கு வந்த நோயைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வையுங்கள். அதை நெல்லில் வைப்பதா, நோயில் வைப்பதா, தஞ்சாவூரில் வைப்பதா? எது, அதற்கு என்ன, எங்கே, எப்போது என்று தனித்தனித் துண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி போன்ற குறிகளை வைத்துக் கோத்துவிட்டார் அவர். ஆன்லைனில் புடவை வாங்கும்போது நிறம், விலை, துணி என்று தட்டித் தட்டிக் குறைக்கிறீர்களே, அதுவும் இந்த வழிதான்.

நமக்கும் அது போதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டவருக்கே நாலு மாதத்தில் மறந்துவிடும். கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: ‘2025-06-14 பம்ப் மோட்டார் பி-பிளாக் வாரண்டி’. ஆண்டை முதலில் போட்டால் தேதிவாரியாகத் தானே வரிசையில் நிற்கும். பம்ப், மோட்டார் இரண்டையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. தேடுகிறவர் எந்த வார்த்தையில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

கோப்பு செயலாளர் போனில் இருக்கக் கூடாது, சங்கத்தின் கூகுள் டிரைவில் இருக்க வேண்டும். செயலாளர்கள் மாறுவார்கள், போனும் மாறும். வாட்ஸ்அப்பில் பின் செய்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான்.

வீட்டிலும் செய்து பாருங்கள், முக்கியமாகப் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில். அப்பாவை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, இன்ஷூரன்ஸ் அட்டையும் மருந்துச் சீட்டும் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருந்து பயனில்லை.

பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்து பெயர் போட நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பார்கள். உங்கள் அலமாரியில் சங்கத்துக் காகிதம் எது கிடந்தாலும் எடுத்து வாருங்கள்.