விமான முனையத்தில் ஜேக்பாட் இயந்திரமா?



அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் இறங்கும் பயணியை முதலில் வரவேற்பவை ஜேக்பாட் இயந்திரங்கள்தாம். அவற்றின் வருமானத்தில் ஒரு பங்கு விமான நிலையத்திற்கே சேருகிறது. "நம் முனையங்களிலும் வைத்தால் என்ன? வெளிநாட்டுப் பயணியின் பணத்தில் நமக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கிடைக்குமே" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமாகவே தோன்றும்.

தமிழர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. 1968இல் தமிழ்நாட்டு அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பதே முழக்கம். கூலித் தொழிலாளியின் அன்றாடச் சம்பளம் சீட்டில் கரைவதைக் கண்ட பிறகு, 2003இல் அதே தமிழ்நாடு லாட்டரிக்குத் தடை போட்டது.

மலேசியாவிலும் விளையாட்டுத் துறைக்குப் பணம் திரட்ட 1969இல் அரசாங்கமே ஸ்போர்ட்ஸ் டோட்டோவைத் தொடங்கியது. 1985இல் அது தனியார் கைக்குப் போனது. கரங்கான் வட்டாரத் தோட்டங்களில் நாலு நம்பர் தெரியாதவர் யார்? கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், விபத்தில் நொறுங்கிய காரின் பலகையில் ஒரு நம்பர். ஆனாலும் நாலு நம்பருக்குப் புதன், சனி, ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். இடையில் மனம் மாறலாம், மனைவி தடுக்கலாம். ஜேக்பாட் இயந்திரம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. சில வினாடிக்கு ஒரு முறை அது காசு கேட்கும்.

ஒரு சின்னக் கணக்கு. இயந்திரம் வெள்ளிக்குப் பத்துக் காசு மட்டும் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 100 வெள்ளியைப் போட்டால் சராசரியாக 90 திரும்பும். அதையும் போட்டால் 81. இப்படி ஏழு சுற்று முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். இடையிடையே மணி அடித்து விளக்கு எரிவதால், தோற்பவருக்கும் ஜெயிப்பது போலவே இருக்கும்.

சரி, தோற்பவர் வெளிநாட்டார்தானே? பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஒரு நாள் பார்த்தால் போதும். துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், டாக்சி ஓட்டுநர், மகனை வேலைக்கு வழியனுப்பத் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் - எல்லாரும் நம் மக்கள். பயணி ஒரு நாள் வருவார். ஊழியரோ தினமும் அந்த இயந்திரத்தைக் கடந்து நடக்க வேண்டும்.

சிங்கப்பூர் 2010இல் சூதாட்ட மையங்களைத் திறந்தபோது, சொந்தக் குடிமக்களுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம் விதித்தது. 2019இல் அதை 150 ஆக்கியது. வெளிநாட்டாருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆபத்து தெரிந்த அரசாங்கம் தன் மக்களுக்கு வேலி போட்டது. முனையத்தின் நடுக்கூடத்தில் அப்படி வேலி போடுவது எளிதா?

கெடாவில் மந்திரி பெசார் முகமட் சனுசி, சூதாட்டக் கடைகளின் வியாபார உரிமம் புதுப்பிக்கப்படாது என்று 2021 நவம்பரில் அறிவித்தார். கடையை மூடினால் கள்ள நம்பர் பெருகும் என்ற மறுப்பும் எழுந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால், இருக்கிற பழக்கத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது ஒரு கேள்வி; இல்லாத இடத்தில் புதிதாக ஒரு பழக்கத்தை நட்டுவைப்பது வேறு கேள்வி.

பயணிகளிடம் வருமானம் வேண்டுமானால் நேர்வழி இருக்கிறது. 2019 செப்டம்பரில் மலேசியா விமானப் பயண வரியைக் கொண்டுவந்தது. சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 வெள்ளி, மற்ற நாடுகளுக்கு 20 வெள்ளி. எவ்வளவு என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும், அதோடு முடிந்தது. எந்தக் குடும்பமும் அதனால் சம்பளத்தை இழந்து வீடு திரும்பாது.

இயந்திரம் ஈட்டும் ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருவர் தோற்ற வெள்ளி. மக்கள் தோற்றால்தான் கஜானா நிரம்பும் என்றால், அவர்கள் தோற்பதைத் தடுக்க அரசாங்கத்திற்கு மனம் வருமா? பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். ஆனால் அவற்றைக் கட்டும் பணம், அவற்றை நம்பி வாழும் குடும்பத்தின் அடுப்பை அணைத்து வரக்கூடாது.