பெரிய சீட்டை எப்போது மறைப்பது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடுதியில் சீட்டுக்கட்டோடு பிடிபட்டவனையே சீட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பயப்படாதீங்க சார், பணம் வைத்து ஆடச் சொல்ல வரவில்லை. இணையத்தில் அப்படி ஆடுவதை 2025-இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நான் சொல்ல வந்தது கணக்கு மட்டும்.

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து. 1988 உலகப் போக்கர் இறுதியாட்டத்தில் முதலில் திறந்தவை ராணி, பத்து, எட்டு. ஜானி சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். எட்டு முதல் ராணி வரை வரிசை! எரிக் சீடலுக்கு ராணி ஜோடி. சான் மேலே ஏற்றாமல் அடக்கி வாசித்தார். நாலாவது சீட்டுக்குப் பந்தயமே கட்டவில்லை. எதிரியிடம் ஒன்றுமில்லை என்று நம்பிய சீடல், ஐந்தாவது சீட்டில் இருந்த சிப்பையெல்லாம் தள்ளினார். ஆட்டம் முடிந்தது.

இதைப் பார்த்துவிட்டு எல்லாக் கையையும் மறைத்தால் தொலைந்தோம். மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். என் கையை மிஞ்ச ஏறக்குறைய வழியே இல்லையா? இலவசமாக விழும் சீட்டு எதிரிக்குத் தைரியம் மட்டும் தருமா, வெற்றியே தந்துவிடுமா? இப்போதே பந்தயம் கட்டினால் அவர் ஓடிவிடுவாரா?

மேஜையில் இரண்டு ஆர்ட்டின், எதிரி கையிலும் இரண்டு என்றால், அவருக்குத் தெரியாத 47 சீட்டில் 9 அவரைக் காப்பாற்றும். ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு தடவை. அங்கே மறைப்பது சாமர்த்தியமில்லை, தானம்! எதிரி எப்படியும் பந்தயத்துக்கு ஈடுகட்டுவார் என்றாலும் மறைக்க வேண்டியதில்லை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்த புதிது. ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஈரப்பதம் தரும் கருவியில் அடைப்பு என்று கண்டுபிடித்தேன். உடனே சொன்னேனா? இல்லை. மாதக் கூட்டத்தில் முதலாளி முன்னால் சொல்லிப் பேர் வாங்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டாம் நாள் வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பேர் போனது கூடப் பரவாயில்லை. அந்த எட்டு நாளும் அறுந்த நூலைக் கட்டிக் கட்டிச் சலித்த அக்காமார் முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்கள் எனக்கு எதிரிகளா?

ஆகவே தம்பிகளே, நாலாவதாக ஒரு கேள்வியும் உண்டு: எதிரே இருப்பது எதிராளியா, நம்ம ஆளா? நம்ம ஆள் என்றால் சீட்டைத் திறந்து வையுங்கள்.

நம்ம ஊர் பால்கோவா நிதானமாகக் காய்ச்சினால்தான் ருசி. கிண்டாமல் சும்மா விட்டால் அடிப்பிடித்துவிடும். காத்திருப்பதும் அப்படித்தான்.