விடாது கருப்பும் திருமழபாடிக் கல்வெட்டும்



எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில், கீரனூர்ப் பக்கம். எட்டாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து எடுத்த சிவன் கோவில் இருக்கிறது. அங்கேயே தேர் மாதிரிக் கட்டிய ஒரு மண்டபமும் உண்டு. கல்லிலே சக்கரம், கல்லிலே குதிரை. அந்தக் குதிரைகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொஞ்ச காலம் மட்டும், பொழுது சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் போக எங்களுக்குக் கால் வரவில்லை. காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர், ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’.

எங்கள் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. வாரம் ஒரு நாள் கீரனூரில் அத்தை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். முடிந்ததும் சித்தப்பாவின் டி.வி.எஸ். 50-இல் பின்னால் உட்கார்ந்து திரும்ப வேண்டும். வழியில் ஒரு கருப்பர் கோவில். கூரை கிடையாது, வேலமரத்தடியில் நட்ட அரிவாளும் ஒரு மண்குதிரையும்தான். வண்டி விளக்கு ஒரு நொடி அந்தக் குதிரையின் முகத்தில் விழும். அதுவரை பேசிக்கொண்டே வந்த சித்தப்பா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். நான் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

அந்தத் தொடர் மறுபடி நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பழைய தொடரைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் என்ன, அதை எப்படிச் செய்தால் தகும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கியவர் நாகா. தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். இதைப் பேய்க்கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நான் இதை நம் ஊர் அறிவியல் புனைவு என்றுதான் சொல்வேன். வரிசையில் முதலில் வந்த ‘ரகசியம்’ கதையின் நடுவில் இருப்பது நவபாஷாண லிங்கம். ஒன்பது பாஷாணங்களைக் கட்டி மருந்தாக்கும் சித்தர் மரபு பழனி மலையில் போகர் பெயரோடு சேர்ந்து நமக்கெல்லாம் தெரிந்தது. அந்த ரசவாதத்தை எடுத்துக்கொண்டு, இது உண்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார் எழுத்தாளர். அயல்நாட்டுக் கதைகள் விண்கலத்தில் ஏறிப் போய்க் கேட்ட கேள்வியை அவர் ஓலைச்சுவடியையும் மூலிகையையும் வைத்துக் கேட்டார். ‘விடாது கருப்பு’வில் குதிரையேறி வந்து கொல்வது சாமியா, மனிதனா என்ற முடிச்சு மனநல மருத்துவத்தில் போய் அவிழ்கிறது. எப்படி அவிழ்கிறது என்பதைச் சொல்லமாட்டேன். பார்க்காத இளையவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நம்பிக்கையும் அறிவியலும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுகின்றன. கடைசி வரை இரண்டில் எதையும் அவர் இளக்காரமாக நடத்தவில்லை. அந்த மரியாதைதான் தொடரை இத்தனை ஆண்டுகள் நிற்க வைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இதன் வட்டுகள் கிடைத்தன. ஆசையாக வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்தால் யாரோ கேபிளிலிருந்து பதிவு செய்தது. தொடக்கப் பாட்டை வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துச் சதுரப் படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியதில் முகமெல்லாம் ஊதிப்போய், வண்டிச் சக்கரம் முட்டை வடிவில் உருண்டது. குதிரை பாய்ந்து வரும் காட்சியில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். கால்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாகப் பிரிந்திருந்தது.

அந்தக் கோடு ஏன் வருகிறது? நம் பழைய தொலைக்காட்சி ஒரு படத்தை முழுதாகக் காட்டுவதில்லை. நொடிக்கு 25 படம். ஒவ்வொன்றும் இரண்டு பாதி. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். பழைய குழாய்த் திரையில் நம் கண்ணே இரண்டையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய திரையில் அவற்றைக் கணினி சேர்க்க வேண்டும். நின்ற காட்சியில் இரண்டு பாதியும் பொருந்திவிடும். ஓடுகிற குதிரை அந்த ஐம்பதில் ஒரு நொடிக்குள் ஓரடி முன்னால் போய்விடுகிறது. அவசரமாகச் சேர்த்தால் கால் கிழிந்துதான் தெரியும். பக்குவமாகச் சேர்க்கத் தெரிந்த கைகளும் கருவிகளும் இன்று இருக்கின்றன. வேலைக்கு மூல நாடா வேண்டும், பொறுமையும் வேண்டும்.

பின்னர் பாலசந்தரின் கவிதாலயா நிறுவனமே இந்தத் தொடர்களை யூடியூபில் ஏற்றியது. மனமார நன்றி சொல்கிறேன். வெளிநாட்டுத் தமிழரும், அன்று பிறக்காத பிள்ளைகளும் காசில்லாமல் பார்க்க முடிகிறதே, அது பெரிய காரியம். ஆனாலும் வேலை அத்தோடு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கு நடந்ததைப் பாருங்கள். 1987 முதல் 1994 வரை ஓடியது. படம் பிடித்தது 35 மி.மீ. பிலிமில், தொகுத்ததும் விண்வெளி வித்தைகளைச் சேர்த்ததும் வீடியோ நாடாவில். ஆகவே நாடாவில் இருந்தது மங்கல். பெட்டியில் தூங்கிய பிலிமிலோ கூர்மை அப்படியே இருந்தது. 2012-இல் புளூரே வெளியிடத் தொடங்கியபோது நாடாவைத் தொடாமல், பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு துண்டாகப் பழைய தொகுப்புக்குப் பொருத்தி, தொடரையே மறுபடி கோத்தார்கள். ஏழு பருவம் வெளிவர 2014 ஆகிவிட்டது. விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. அதற்குப் பின் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடருக்கு அந்த யோகம் இன்னும் கிட்டவில்லை. மறுவெளியீட்டில் ரசிகர்களின் அன்பு ஒரு பாதி; செலவழிக்கத் துணிகிறவர் மறு பாதி.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வேதனை. ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960-களின் பகுதிகளை, நாடாவை மறுபடி பயன்படுத்தலாம் என்று பி.பி.சி.யே அழித்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் கிடையாது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய படிகளில் சில, நைஜீரியாவில் கிடைத்தன. 2013-இல் ஒன்பது பகுதிகள் அப்படித் திரும்பி வந்தன. ஆனால் வானொலி கேட்கும் நமக்கு இதில் மனம் குளிரும் செய்தி ஒன்று உண்டு. காணாமல்போன அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று முழுதாக இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சிறுவர்களும் இளைஞர்களும் அதைக் காப்பாற்றினார்கள். அந்த ஒலியை வைத்தே பல பகுதிகளுக்கு ஓவியப் படம் செய்து வட்டாக வெளியிட்டிருக்கிறார்கள்.

அழிக்குமுன் படியெடு என்பதை நாம் வெளியில் போய்க் கற்க வேண்டியதில்லை. திருமழபாடி நம் தமிழ்நாட்டு ஊர்தான். அங்கே கோவில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொல்லி ராசராச சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். அவன் மகன் ராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். இது பழைய கல்லின் படி என்ற செய்தியையும் சேர்த்தே வெட்டினார்கள். இடையில் அரசரே மாறிவிட்டார், எழுத்து மாறவில்லை. மறுவெளியீட்டுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

அந்த இலக்கணப்படி ‘மர்மதேசம்’ வர வேண்டும். மூல நாடாவிலிருந்து, சதுரம் சதுரமாகவே, தொடக்கப் பாட்டும் பெயர் வரிசையும் வெட்டுப்படாமல். ஒலியைச் சுத்தம் செய்கிறோம் என்று சில்வண்டுச் சத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது. கருப்பு வருவதற்கு முன்னால் ஊர் அடங்கிவிட்டது என்று நமக்குச் சொல்வதே அந்தச் சத்தம்தான். காது கேளாதவர்களுக்கும் வெளிமாநிலத்தாருக்கும் திரையில் வசன வரிகள் வேண்டும். எங்கே எடுத்தார்கள், இரவுக் காட்சிக்கு எப்படி விளக்கு வைத்தார்கள், குதிரையை யார் பழக்கினார்கள் என்று எடுத்தவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிய வேண்டும். பாலசந்தர் 2014-இல் காலமானார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் மறைந்தார். அந்தக் கதையெல்லாம் எங்கிருந்து பிறந்தது என்று அவரை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். நாகாவையும், நடித்த சேதன், தேவதர்ஷினி போன்றவர்களையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

தூர்தர்ஷனுக்கும் ஒரு வேண்டுகோள். சீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ உங்கள் திரையில்தான் தொடராக வந்தது. ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்குட்டியை நல்ல படியாக மறுபடி எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

கடைசியாக நேயர்களாகிய உங்களிடம் கேட்பது. டெக் வைத்திருந்த வீடுகளில் பரண் மேல் பழைய கேசட் கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். பூசணம் இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்து மாற்றித் தரத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கல்யாணக் கேசட் என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். எங்கள் அத்தை வீட்டில் சடங்கு வீடியோவுக்குப் பின்னால் மிச்சமிருந்த நாடாவில் ‘விடாது கருப்பு’ பதினோரு நிமிடம் இருந்தது.