பின்சீட்டில் இருப்பவர்களுக்கு



ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், பட்டிபுலம் என்று மாமல்லபுரம் வரை போனால் அந்தக் காட்சி கண்ணில் படும். சைலன்சர் மாற்றிய பைக் உறுமிக்கொண்டு பாயும். ஓட்டுகிற பையனுக்குத் தலைக்கவசம் இருக்காது. பின்சீட்டுக்காரன் கையை எட்ட நீட்டி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பான்.

எல்லாரும் ஓட்டுகிறவனைத்தான் திட்டுகிறோம். எனக்குக் கவலை பின்சீட்டைப் பற்றி.

அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 306 பேருக்குக் கணினியில் கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் யார் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஆடியபோது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் வந்து நின்றதும், 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மாற்றமே இல்லை.

பாராட்டுக்கும் பரிசுக்கும் துள்ளுகிற மூளைப்பகுதி விடலைப் பருவத்தில் வேகமாக விழித்துக்கொள்கிறது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய நெற்றிப்புறப் பகுதியோ இருபது வயதுக்குப் பிறகும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் ‘கெத்துடா மச்சான்’ என்ற ஒரு சொல் போதும். இப்போது செல்போன் வழியாக ஊரே பின்சீட்டில் ஏறிக்கொண்டது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு ரத்தானது. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இந்தச் சட்டங்கள் வேண்டியவைதான். ஆனால் சட்டத்தால் பின்சீட்டில் ஏறி உட்கார முடியாது.

இதே கடற்கரையில், மாமல்லபுரத்தில், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அங்கேயும் இளரத்தம்தான், துடிப்புதான். ஆனால் எந்த அலையில் ஏறுவது, எதை விட்டுவிடுவது என்று பொறுக்கத் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு. நிதானத்துக்கும் கைதட்டல் கிடைக்கிற இடம் அது. நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட களங்கள் இன்னும் வேண்டும்.

பின்சீட்டில் உட்காரும் தம்பி, தங்கைகளே, போனைப் பைக்குள் வையுங்கள். ‘மெதுவாப் போடா, இல்லேன்னா நான் இறங்கிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அப்பா சொல்லிக் கேட்காதவன் நீங்கள் சொன்னால் கேட்பான்.