தட்டு மிஷினும் பதினாறு மார்க்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டபோது, "நவீன உற்பத்தித் தொழில்நுட்பம் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்றார்கள். ரோபோ, சென்சார் என்று பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அனுமதி கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். எங்கள் தோட்டத்து மிஷின்களைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். நான்கு வருஷம் இங்கே படித்ததைவிட அதிகமாக அவை எனக்குக் கற்றுக்கொடுத்தன. கொஞ்சம் விலை வாங்கிக்கொண்டுதான் கற்றுக்கொடுத்தன.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே. ஒன்பது ஏக்கர். தென்னை, மக்காச்சோளம், மாட்டுக்குச் சோளத்தட்டு, கோ-4 புல், ஆறு கறவை மாடு. பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்கால் பாசனம். அந்தத் தண்ணீர் நினைத்தபோது வராது. மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் திறப்பார்கள். திறந்த வாரம் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் உழவு. வாடகை டிராக்டர்காரர் வீட்டு முன்னால் காலையில் ஐந்து மணிக்கே கூட்டம் நிற்கும். மண்ணில் பதம் இருக்கிற மூன்று நாளுக்குள் ஓட்டாவிட்டால் கட்டி பெயரும். விதை போட்டும் பிரயோசனமில்லை.

அந்த அவசரத்தினால்தான் எங்கள் அப்பாரு 1994-ல் காங்கேயம் காளை ஜோடியை விற்றுவிட்டு, 35 குதிரைச் சக்தி டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கணக்குப் பார்த்தால் ஒன்பது ஏக்கருக்கு ஒரு டிராக்டர் கட்டுபடியாகாது. வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரமாவது ஓடினால்தான் முதல் தேறும் என்பார்கள். எங்கள் வேலை இருநூறு மணிகூட வராது. மிச்சத்துக்கு அப்பா பக்கத்துத் தோட்டங்களில் வாடகைக்கு ஓட்டினார். "நமக்கு லாபம் மணிக்கணக்கில இல்ல தம்பி, அந்த மூணு நாள்லதான் இருக்குது" என்பார். பொருளாதாரப் பாடத்தில் இதை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

டிராக்டரோடு ஐந்து கொழுக் கலப்பை, ஒன்பது கொழுக் கலப்பை, டிரெய்லர் மூன்றும் வந்தன. பிறகு ஒரு ரோட்டாவேட்டர் சேர்ந்தது. கலப்பையைப் பின்னால் மாட்டுகிற மூன்று கை அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். கீழே இரண்டு கை, மேலே ஒன்று. அந்த மேல் கையைத்தான் டாப் லிங்க் என்கிறோம். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய அமைப்பு அது. 1939-ல் ஃபோர்டு கம்பெனியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த டிராக்டரில் அது உலகமெல்லாம் பரவியது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை வாங்கினாலும் அந்த மூன்று கை இருக்கும்.

அதில் உள்ள சூட்சுமம் என்ன? அதற்கு முன்னால் மாட்டுக்குப் பின்னால் ஏர் போவதுபோல டிராக்டருக்குப் பின்னால் கலப்பை சங்கிலியில் இழுபட்டது. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் சக்கரம் நகர முடியாது. இன்ஜின் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். விளைவு, டிராக்டரின் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். அப்படிப் பலர் செத்திருக்கிறார்கள். ஃபெர்குசன் அமைப்பில் மண்ணின் எதிர்ப்பு டாப் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளுகிறது. முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது. எதிரியின் பலத்தையே காவலுக்கு வைத்த மாதிரி.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் அப்பாரு ஒரு நாள், பட்டுப்போன தென்னையின் வேர்க்கட்டையை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டிவிட்டார். உயரமாகக் கட்டினால் கட்டை மேலே தூக்கும் என்பது அவர் நினைப்பு. கிளச்சை விட்டார். கட்டை அசையவில்லை, முன் சக்கரம் இரண்டும் எழுந்தன. அப்பா கத்தின கத்தில் கிளச்சை மிதித்துவிட்டார். டிராக்டர் 'தொம்' என்று கீழே விழுந்தது. முன் ஆக்சில் வளைந்ததோடு போயிற்று.

எனக்கு அப்போது எட்டு வயது. மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தேன்.

மிக எளிய மொமெண்ட் கணக்கு அது. இழுக்கும் விசை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவுக்குக் கவிழ்க்கும். அதனால்தான் இழுவைக் கொக்கியைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாகக் கவிழ ஆரம்பித்தால், தப்ப முடியாத கட்டத்தை எட்ட முக்கால் விநாடி போதும் என்று சொல்வார்கள். 'ஐயோ' என்று சொல்லி முடிக்கக்கூட ஆகாது. ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு உருளல் காப்புச் சட்டகம் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை பிறகு அங்கே அடியோடு குறைந்தது. எங்கள் டிராக்டரில் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை மட்டும் இருந்தது.

அடுத்து பி.டி.ஓ. தண்டு. டிராக்டரின் பின்னால் சுழன்று, ரோட்டாவேட்டருக்கும் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினுக்கும் சக்தி கொடுப்பது இதுதான். நிமிஷத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு ஒன்பது. மூன்று அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 24 சென்டிமீட்டர். தோளில் போட்ட துண்டின் நுனி அதில் பட்டால் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றி இழுக்கும். நமக்கு உறைத்துக் கை அசைவதற்கு அரை விநாடி ஆகிறதென்றால், அதற்குள் ஒரு மீட்டர் துணி உள்ளே போயிருக்கும். வேட்டி, துண்டு, சேலை, பின்னல் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தத் தண்டின் இரண்டு முனையிலும் இருப்பது யூனிவர்சல் ஜாயிண்ட். இரண்டு நுகமும் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சமன் செய்யும். கைனமேட்டிக்ஸ் பேப்பரில் இது பதினாறு மார்க் கேள்வி. நான் முழுசாக எழுதினேன், படமும் போட்டேன். ஆனால் எங்கள் வீட்டுத் தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எங்கே போயிற்று என்று லீவுக்குப் போனபோது ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அது மாட்டுக் கொட்டகையில் தண்ணீர்க் குழாயாக இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடுகிற மிஷின் டிராக்டர் அல்ல. கொட்டகையில் இருக்கிற தட்டு வெட்டுகிற மிஷின். ஆறு மாட்டுக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம். முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப்போடும்; நறுக்கிப் போட்டால் வீணாகாது. இரண்டு குதிரைச் சக்தி மோட்டார், கனமான சக்கரத்தில் இரண்டு கத்தி, தட்டை உள்ளே இழுக்க இரண்டு பல் உருளை. அப்பாவும் அப்பாருவும் டிராக்டர்காரர்கள். தட்டு மிஷின் அம்மாவுடையது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

2008-ல் இரண்டாம் வருஷ லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். உருளை வாய்க்கு மேல் ஒரு தகர மூடி இருந்தது. ஈரத்தட்டு அடிக்கடி சிக்கும். சிக்கினால் மூடியை எடுக்க நான்கு போல்ட், இரண்டு அளவு ஸ்பேனர். அம்மா படுகிற பாட்டைப் பார்த்து, "எதுக்கும்மா இது, வேலைய இரட்டிப்பாக்கத்தான்" என்று நானே கழற்றி அட்டாரி மேல் போட்டேன். சிக்கினால் உடனே கையால் எடுத்துவிடலாம். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "எம் பையன் இஞ்சினீருக்குப் படிக்கறான், மிஷினச் சரி பண்ணிக் குடுத்துட்டான்" என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்.

2014 ஐப்பசியில், மழை நாள், தட்டு சிக்கியது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை வைத்தார். மோட்டார் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. ஃப்ளைவீல் என்பதே அதற்காகத்தானே இருக்கிறது! வலது கையில் இரண்டு விரல், முதல் கணு வரைக்கும் போயிற்று.

அன்றைக்கு நான் கோயமுத்தூரில், கம்பெனியில், ஒரு பிரஸ் மிஷினுக்குக் கதவைத் திறந்தால் தானாக நிற்கும் இண்டர்லாக் அமைப்பு போதாது என்று மேலதிகாரியிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூடியைக் கழற்றினது நான்தான் என்று சொன்னேன். "நீ நல்லதுக்குத்தான கண்ணு பண்ணுன. மூடி இருந்திருந்தா அதையும் நானே கழட்டித்தான் இருப்பேன், எத்தன தடவ சிக்குது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில், அந்த வார்த்தையில் நான் படிக்காத பாடம் ஒன்று இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் மூடி வைத்தால் அது அட்டாரிக்குத்தான் போகும். கழற்றினவன் தப்பு என்பது உண்மை. கழற்றத் தூண்டுகிற மாதிரி மூடி இருந்ததும் உண்மை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மிஷினோடு உட்கார்ந்தேன். செய்தது நான்கு காரியம். ஒன்று, தட்டு போடுகிற தொட்டியை மூன்றடி நீளமாக்கி, உருளைப் பக்கம் பாதியை மேலே மூடினேன். கையை முழுசாக நீட்டினாலும் உருளை எட்டாது. இரண்டு, உருளையைப் பின்னோக்கித் திருப்புகிற லிவரைப் பழுது பார்த்தேன். முக்கால்வாசிச் சிக்கல் அதிலேயே வெளியே வந்துவிடுகிறது. மூன்று, மூடியைக் கீல் வைத்த கதவாக்கினேன். ஸ்பேனர் வேண்டாம், கழன்று தொலையவும் வழியில்லை. நான்கு, அந்தக் கதவுக்குக் கைப்பிடி வைத்த ஒரே ஒரு நீள போல்ட். அதைத் திருகத் தொடங்கினதும் மோட்டாருக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். திருகி முடிக்க முக்கால் நிமிஷம் ஆகும். அதற்குள் சக்கரம் நின்றுவிடுகிறது என்பதைக் கடிகாரம் வைத்து இருபது தடவை பார்த்தேன். செலவு 3,400 ரூபாய்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் விபத்து பெருகியதால் நம் நாட்டில் 1983-லேயே ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் கொட்டகைக்குள் அதிகாரி வரமாட்டார். அங்கே போகிறவர்கள் நாம்தான். லீவுக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போகிற நாம்.

முன்னாள் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இந்த அரங்கில் பாதிப் பேராவது கிராமத்திலிருந்து வந்தவர்கள். அடுத்த தடவை ஊருக்குப் போனால் நான்கு விஷயம் பாருங்கள். பி.டி.ஓ. தண்டுக்கு உறை இருக்கிறதா? சங்கிலியைத் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் மாட்டுகிறார்களா? மட்கார்டில் குழந்தை உட்காருகிறதா? தட்டு மிஷினின் வாயும் சக்கரமும் மூடியிருக்கிறதா? அரை மணி நேர வேலை.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இறுதியாண்டு பிராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள். வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நாங்களும் அந்தக் கடை வழியாகப் போனவர்கள்தான். ஒரு கொட்டகைக்குப் போங்கள். மிஷினை ஓட்டுகிறவர் அனேகமாக ஒரு அம்மாவாக இருப்பார். "ஏன் மூடி போடல?" என்று அதிகாரமாகக் கேட்காதீர்கள். "ஏனுங்க அம்மா, எதுக்குங்க கழட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் டிசைன் அந்தப் பதிலில் இருக்கும்.

அப்பாரு இப்போது இல்லை. டிராக்டர் ஓடுகிறது, தண்டுக்குப் புது உறை போட்டாயிற்று. அம்மா இன்றைக்கும் காலையில் தட்டு வெட்டிவிட்டுத்தான் பால் கறக்கிறார், எட்டு விரலும் இரண்டு அரை விரலுமாக. நான் செய்த மிஷினைப் பற்றிக் கேட்டால், "திருகறதுக்கு நேரமாகுது, இருந்தாலும் பரவால்ல" என்கிறார். நான் வாங்கிய சான்றிதழ்களில் எனக்குப் பெரியது அதுதான்.