குழாயில் செய்த யந்திரமும் கையில் இல்லாத பத்திரமும்

(கெடாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுவசதி என்றே பேசிப் பழகிய இந்த மேடையில், பள்ளிப் பிள்ளைகள் செய்யும் ரோபாட் யந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. ரப்பர்க் காடாக இருந்த கூலிம் வட்டாரத்திலே 1996-ஆம் ஆண்டில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. மின்னணுச் சில்லுகள் செய்யும் ஆலைகள் இன்று அங்கே நிற்கின்றன. சீனத்தின் ஹைனான் தீவிலே, தானே பால்மரம் சீவும் யந்திரங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். யந்திரம் வருவதை நாம் தடுக்க முடியாது. வருகிற யந்திரத்தைச் செய்பவர்களாகவும் இயக்குபவர்களாகவும் நம் பிள்ளைகள் இருப்பார்களா, அல்லது அதனால் வேலையிழந்து நிற்பார்களா என்பதே கேள்வி.

2012-ஆம் ஆண்டில் உலக ரோபாட் ஒலிம்பியாட் இறுதிப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ‘அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, மங்கு கழுவும் குடும்பத்துக்கு எட்டுமா?’ என்று கேட்பவர்களுக்காக, உண்மையில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்றொரு நகரம். அங்கே கார்ல் ஹேடன் உயர்நிலைப்பள்ளி, ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அதில் நான்கு மாணவர்கள். மெக்சிகோவிலிருந்து சிறு வயதில் வந்தவர்கள். உடலுழைப்பால் வாழும் குடும்பங்கள். 2004-ஆம் ஆண்டில் சாந்தா பார்பராவில் நீருக்கடியில் வேலை செய்யும் ரோபாட்டுகளுக்கு ஒரு போட்டி நடந்தது. பிரெடி லஜ்வர்டி, ஆலன் காமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள் இவர்களை அழைத்துச் சென்றார்கள். பள்ளிகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தும், பல்கலைக்கழகங்கள் மோதும் பெரிய பிரிவிலேயே பெயரைக் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் தோற்றால் அவமானமில்லை என்பது அவர்கள் எண்ணம்!

எதிரே நின்றது உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகம். அவர்களுக்குப் பணம் கொடுக்கப் பெரிய எண்ணெய்க் கம்பெனியே இருந்தது. இவர்களுடைய யந்திரமோ ஏறத்தாழ 800 டாலர் செலவில், தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கும் பிளாஸ்டிக் குழாயால் ஆனது. ஒட்டும் பசையின் நெடி தாங்காமல் அதற்கு ‘நாற்றம் பிடித்தவன்’ என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள்.

போட்டி நெருங்கிய வேளையில் யந்திரத்துக்குள் தண்ணீர் கசிந்தது. மின்கலமும் கம்பிகளும் உள்ளே. கலங்கினார்களா? இல்லை. இரவோடு இரவாகக் கம்பிகளைத் திரும்பப் பற்றவைத்தார்கள். கசியும் நீரை உறிஞ்ச என்ன செய்வது? மாதவிலக்கின்போது பெண்கள் உபயோகிக்கும் பஞ்சுச் சுருளைக் கடையிலிருந்து வாங்கி வந்து உள்ளே வைத்தார்கள். யந்திரம் பிழைத்தது.

மூழ்கிய கப்பலின் மாதிரியை அளக்க வேண்டும். அடியில் கிடக்கும் பீப்பாயிலிருந்து திரவம் எடுக்க வேண்டும். இப்படிப் பல சோதனைகள். சிறு பம்பையும் பலூனையும் கொண்டே திரவத்தை எடுத்தார்கள். யந்திரத்தை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பொறியியல் நிபுணர்கள் குடைந்து கேட்டதற்கும் தடுமாறாமல் விடை சொன்னார்கள். முடிவு வந்தது: முதலிடம் கார்ல் ஹேடன் பள்ளிக்கு, எம்.ஐ.டி.க்கு இரண்டாம் இடம்!

தோழர்களே, கைதட்டுகிறீர்கள். ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அந்த நால்வருக்கும் அப்போது அந்நாட்டில் வாழ்வதற்கான முறையான பத்திரம் இல்லை. 2006-ஆம் ஆண்டில் அரிசோனாவில் வந்த சட்டத்தால், பத்திரமில்லாத மாணவர்கள் வெளிமாநிலத்தார் கட்டும் பெருந்தொகையைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதாயிற்று. நால்வரில் ஒருவர் அதனால் படிப்பையே விட்டார். ஆஸ்கர் வாஸ்குவேஸ் என்பவர் 2009-இல் பொறியியல் பட்டம் பெற்றும், முறைப்படி அனுமதி கேட்பதற்காக மெக்சிகோவுக்குத் திரும்பிப் போனார்; 2010-இல்தான் மீண்டும் நுழைய முடிந்தது. பின்னர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார். அறிவு தந்த வெற்றியைக் காகிதம் தடுத்தது!

இது யாருடைய கதை? சிவப்பு அடையாள அட்டையோடு காலந்தள்ளிய தோட்டத்துப் பெரியவர்களின் கதையல்லவா? பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிச் சேர்க்கைக்கும் பரீட்சைக்கும் அலைந்த பிள்ளைகளின் கதையல்லவா?

ஆகவே இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதப் பதிவென்று சாட்சியும் பத்திரங்களும் தேடி அலைய நேரிடும். திருமணத்தையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பத்திரமில்லாத பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். தேசியப் பதிவு இலாகாவுக்குப் பெற்றோருடன் ஒருவர் துணை போகட்டும்.

இரண்டு: சுங்கை பட்டாணியிலும், பீடோங்கிலும், பாடாங் செராயிலும் உள்ள தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாலையில் ஒரு யந்திரக் குழு தொடங்கட்டும். பழைய மோட்டார், உடைந்த விசிறி, குழாய்த் துண்டு போதும். தொடக்கத்துக்குப் பெரும் முதல் தேவையில்லை. ஆலையில் வேலை செய்யும் நம் வாலிபர்கள் வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். பெண் பிள்ளைகளையும் சேருங்கள்.

பட்டை காயப்படாமல் மெல்லிய சீவலாக மரத்தைச் சீவுகிற கை, நுட்பம் அறிந்த கை. அந்தக் கையின் பிள்ளைக்கு யந்திரம் அந்நியமல்ல. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், தனித்து நின்றால் முடியாதது சேர்ந்தால் முடியும் என்பதனால்தான். பத்திரத்துக்கும் சேர்ந்து போராடுவோம். படிப்புக்கும் சேர்ந்து உழைப்போம்.