இறங்கிவிட்டால் கிராண்ட்

மகள் பிரசவத்துக்காக வெளிநாடு போகிற அம்மாக்கள் அங்கே என்ன ஊர் பார்ப்பார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு சமையலறை, துணி காயாத ஒரு கொடி, குழந்தை டாக்டரின் வரவேற்பறை, தூரத்தில் ஒரு இந்திய மளிகைக் கடை. அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் நான் இருந்த மூன்று மாதமும் அப்படியே போயிருக்கும். "அத்தை, நான் பிள்ளையப் பாத்துக்கிறேன், நீங்க காலாற நடந்துட்டு வாங்க" என்று மாப்பிள்ளை தினமும் காலையில் ஒரு மணி நேரம் விடுதலை கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த இடம்தான் ஃபார்ட்டி ஃபுட்.

டப்ளின் விரிகுடாவின் தென்கோடியில் சாண்டிகோவ் என்று ஒரு பகுதி. நகரத்திலிருந்து டார்ட் என்ற மின்சார ரயில் கடலை ஒட்டியே வரும். ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஒரு பாறை முனை. மெரினா மாதிரி மணல்வெளியைக் கற்பனை செய்யாதீர்கள். சாம்பல் நிறக் கருங்கல், அதில் படிகள், படிக்கு இரும்புக் கைப்பிடி, பின்னால் துணி மாற்ற ஒரு சுவர் மறைப்பு, உட்காரக் கல் பெஞ்சு. அவ்வளவுதான். படிகள் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடும். கடல் வற்றுகிற நேரத்திலும் இங்கே நீந்த ஆழம் இருக்கும். அதனால் இருநூறு வருஷத்துக்கு மேலாக, வெயிலோ பனியோ, தினமும் யாராவது ஒருவர் இங்கே குளித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

ஃபார்ட்டி ஃபுட், அதாவது நாற்பது அடி, என்று பெயர் வந்ததற்கு ஆளுக்கொரு கதை. ஆழம் நாற்பதடி என்பார் ஒருவர். அவ்வளவு ஆழம் கிடையாது. நாற்பதாம் காலாட்படை இங்கே தங்கியிருந்தது, அதன் பெயர்தான் இது என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

பக்கத்திலேயே உருண்டையாக, தடித்த சுவரோடு ஒரு கோபுரம். நெப்போலியன் படை வந்துவிடும் என்று பயந்து 1804-இல் ஆங்கிலேயர் கட்டியது. நெப்போலியன் வரவில்லை. நூறு வருஷம் கழித்து, 1904 செப்டம்பரில், ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற 22 வயதுப் பையன் வந்தான். நண்பனோடு ஆறு இரவு தங்கினான். கூட இருந்த இன்னொருவன் தூக்கத்தில் கருஞ்சிறுத்தையைக் கனவு கண்டு துப்பாக்கியால் சுட, நண்பன் அதே துப்பாக்கியை வாங்கி ஜாய்ஸின் தலைக்கு மேலே தொங்கிய பாத்திரங்களைச் சுட, ஜாய்ஸ் அந்த ராத்திரியே கிளம்பிவிட்டான். ஆனால் 1922-இல் வெளிவந்த அவனுடைய 'யுலிசிஸ்' நாவல் தொடங்குவது இந்தக் கோபுரத்தின் மொட்டைமாடியில்தான். அதில் ஒரு பாத்திரம் இங்கே குளிக்கவும் இறங்குகிறான். குளிர்ந்த கடலுக்கு அவன் தருகிற ஓர் அடைமொழி உண்டு. வானொலியில் சொல்ல முடியாது. ஆண் நேயர்கள் யாராவது டிசம்பரில் அங்கே இறங்கினால் தாமாகவே புரிந்துகொள்வார்கள். கோபுரம் இப்போது ஜாய்ஸ் அருங்காட்சியகம்.

நான் சொல்ல வந்தது அங்கே குளிக்க வருகிறவர்களைப் பற்றி.

காலை ஏழரைக்கு ஒரு கூட்டம் வரும். பத்துப் பன்னிரண்டு பேர். பாதிக்கு மேல் என் வயசுப் பெண்கள், அதாவது அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, நானே பெயர் வைத்துக்கொண்டேன். பணி ஓய்வு பெற்ற தபால்காரர், டீச்சர், சிவப்புத் தொப்பி, எப்போதும் கடைசியில் வருகிற 'லேட் லத்தீப்'. தபால்காரரிடம் கயிற்றில் கட்டிய ஒரு வெப்பமானி. டீச்சரிடம் இன்னொன்று. அவருடையது 12 டிகிரி காட்டினால் இவருடையது 13 காட்டும். அந்த ஒரு டிகிரிக்காக ஒரு பஞ்சாயத்து நடக்கும் பாருங்கள், நம்ம ஊரில் வாய்க்கால் தகராறு கூட அவ்வளவு நேரம் இழுக்காது. இதற்குள் மற்றவர்கள் குளித்துவிட்டு ஏறியிருப்பார்கள்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இறங்கிட்டா கிராண்ட்." நாம் கிராண்ட் என்றால் வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், ஐந்து வகைப் பாயசம். அவர்களுக்கு அந்தச் சொல் 'பரவாயில்லை, உயிரோடு இருக்கிறேன்' என்பதற்கு. கால் உடைந்தவரைக் கேட்டாலும் கிராண்ட்தான். இன்னொரு சொல் 'கிராக்'. கூடிச் சிரித்துப் பேசுகிற அரட்டைக்கு அப்படிப் பெயர். "இங்கே நல்ல கிராக் இருக்கும், வாங்க" என்று சிவப்புத் தொப்பி என்னைக் கூப்பிட்டபோது, உறைகிற தண்ணீரில் குதிக்கிற இவர்களைப் பார்த்து, தம்மைத் தாமே இவ்வளவு நேர்மையாக யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்களே என்று வியந்தேன்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. தாமிரபரணியில் முங்கி வளர்ந்தவள். சில நாள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். பேரனுக்குப் பதினோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், மகளின் பழைய லெக்கிங்ஸையும் முழுக்கை பனியனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "அம்மா, நிமோனியா வந்துரும்" என்றாள் மகள். "உனக்குப் பத்தியம் வடிச்சு வச்சிட்டுத்தான் போறேன்" என்றேன்.

படியில் கால் வைத்ததும் கணுக்காலில் கத்தி. முழங்கால் வரை ஏதோ தாங்கினேன். இடுப்பு நனைந்ததும் வயிற்றிலிருந்த மூச்செல்லாம் ஒரே சத்தமாக வெளியே வந்தது. "மூச்சை விடுங்க, விட்டுட்டே இருங்க, இன்னும் நீந்த வேண்டாம்" என்று டீச்சர் பக்கத்திலேயே மிதந்துகொண்டு சொன்னார். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் முதல் ஒன்றிரண்டு நிமிஷம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, வாரி வாரி இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் போனால் ஆபத்து. அது அடங்கியபின் ஒன்று நடந்தது. குளிர் போகவில்லை, ஆனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிரே விரிகுடாவுக்கு அப்பால் ஹோத் குன்று. இடப்பக்கம் டன் லீரி துறைமுகத்தின் நீண்ட கல் அலைதடுப்புச் சுவர். பத்து கை வீசினேன். திரும்பினேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம்.

ஏறியபிறகுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. மாற்றிக்கொள்ளப் புடவையும் ரவிக்கையும் கொண்டுபோயிருந்தேன். ரவிக்கைக்கு ஆறு கொக்கி. விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. பத்தும் பத்து வெண்டைக்காய். முதல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் துண்டைத் திரையாகப் பிடித்தார்கள். சிவப்புத் தொப்பி, தன் விரல்களே விறைத்திருக்க, என் ரவிக்கைக் கொக்கிகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுகிற அம்மாவின் முகம் அப்போது அவருக்கு. போட்டுக்கொண்டே கேட்டார்: "உங்க பேரனுக்கு எத்தனை பல் முளைச்சிருக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பன்னிரண்டு நாள் பிள்ளைக்குப் பல்லா? உங்க ஊர்ப் பிள்ளைங்க பல்லோடவா பிறக்கும்?"

அவர் திரும்பி மற்றவர்களிடம் சொன்னார்: "இவங்க கிராண்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் நானும் சிரித்தேன்.

புரிந்தது நவம்பரில். வாட்டசாட்டமான ஒரு புதுப் பையன் வந்தான். இருபது நிமிஷம் நீந்திவிட்டு நன்றாகத்தான் ஏறினான். தபால்காரர் வழக்கம்போல வம்புக்கிழுத்தார்: "என்ன தம்பி, எதிர்க்கரை வேல்ஸ் வரைக்கும் போய்ட்டு வந்தியா?" பையன் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டதற்கு ஏதோ சொன்னான், சொல் குழறியது. சிரிப்பு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. ஒருவர் அவன் ஈரத்தைக் கழற்றினார், ஒருவர் தன் கோட்டைப் போர்த்தினார், ஒருவர் கம்பளித் தொப்பியை மாட்டினார். சூடான பானம், அதுவும் சிறு சிறு மிடறாக. கார் சாவியை டீச்சர் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கடலைவிட்டு ஏறினால் குளிர் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லையாம். தோலும் கைகாலும் குளிர்ந்து கிடப்பதால் உள்ளே இருக்கிற சூடு இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இழுபட்டுக்கொண்டேயிருக்கும். கரையேறிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அப்போது நாக்கும் குழறும். வம்புக் கேள்விக்கு வம்பாகப் பதில் வந்தால் ஆள் சரி. வராவிட்டால் கவனிக்க வேண்டும். என் பேரனின் பல்லைப் பற்றிய கேள்வி அதற்குத்தான். அரைமணி கழித்து அந்தப் பையன், "வேல்ஸ்ல தண்ணி இதைவிடச் சூடு" என்றான். கைதட்டி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிண்டலை அவர்கள் வேறு காரியத்துக்கும் பயன்படுத்துவார்கள். டிரைரோப் என்று ஒரு அங்கி: உள்ளே பஞ்சு போன்ற துணி, வெளியே மழை புகாத துணி, முக்காடு வேறு. விலையும் அதிகம். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் கடல் குளியல் மோகம் வந்தபோது இந்த அங்கியும் கூடவே வந்தது. 2020 கடைசியில் ஃபார்ட்டி ஃபுட்டில் ஒரு நாள் திடீரென்று அறிவிப்பு ஒன்று முளைத்தது: டிரைரோப்புக்கும் டிரைரோப் ஆசாமிகளுக்கும் அனுமதி இல்லை, உத்தரவுப்படி. யார் உத்தரவு என்று எவருக்கும் தெரியாது. நாடே சிரித்தது. எங்கள் கூட்டத்தில் லேட் லத்தீப் மட்டும் அந்த அங்கி வைத்திருந்தார், பிள்ளைகள் வாங்கித் தந்ததாம். நான் நம்ம ஊர்ப் பழமொழி ஒன்றை மொழிபெயர்த்துச் சொல்லிவைத்தேன்: நனைந்தபின் முக்காடு எதற்கு? பாவம், அந்த மனிதர் ஒரு வாரம் நிம்மதியாகத் துணி மாற்ற முடியவில்லை.

பழைய பலகை ஒன்று இன்னும் இருக்கிறது, ஆடவர் குளிக்கும் இடம் என்று. எங்கள் ஊர்ப் படித்துறையிலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருந்தது. ஆனால் இங்கே பெண்களுக்கு இடமில்லை, ஆண்களுக்கு மட்டும்தான். 1974 ஜூலையில் ஒரு பத்துப் பன்னிரண்டு பெண்கள் தட்டிகளோடு வந்து, தண்ணீரில் குதித்து, அந்த வழக்கத்தை உடைத்தார்கள். "எனக்கு அப்போ பதினாறு வயசு. அம்மா விடலை. அந்தக் கோபத்துலதான் இன்னிக்கும் தினம் வர்றேன்" என்றார் சிவப்புத் தொப்பி. கடலில் இறங்கியதோடு காரியம் முடியவில்லை. இங்குள்ள குளிப்போர் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராகவும், அதன் அறையையும் சமையலிடத்தையும் பயன்படுத்தவும் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷம். கடலைவிடச் சமையலறைக்குள் நுழைவதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது, அதுவும் பெண்களுக்கு!

டப்ளின்காரர்களுக்குத் தண்ணீரில் குதிக்கிற இந்தக் கிறுக்கு புதிதல்ல. நகரத்தின் நடுவே ஓடும் லிஃபி ஆற்றில் 1920 முதல் நீச்சல் போட்டி நடக்கிறது. அதை ஓவியமாக வரைந்த ஜாக் யேட்ஸ் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அப்போதெல்லாம் ஒலிம்பிக்கில் ஓவியத்துக்கும் போட்டி இருந்தது. சுதந்திர அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். நீந்தியவருக்குக் கிடைக்காமல், வேடிக்கை பார்த்து வரைந்தவருக்குக் கிடைத்த பதக்கம்.

டிசம்பரில் சூரியன் எட்டரை மணிவாக்கில்தான் எழும். நாங்கள் இருட்டில் போவோம். தண்ணீர் 10 டிகிரி. நான் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் இறங்குவேன், மற்ற நாள் ஃபிளாஸ்க் பொறுப்பு. மகளுக்குப் போடுகிற சுக்கு மல்லிக் காபியை இவர்களுக்கும் கொண்டுபோனேன். முதல் வாய் குடித்த தபால்காரர் கண்ணீரோடு, "இது மருந்தா, தண்டனையா?" என்றார். மறுநாள் தம்ளரோடு முதலில் வந்து நின்றவரும் அவர்தான்.

கிறிஸ்துமஸ் அன்று காலை அந்தச் சின்னப் பாறையில் நூற்றுக்கணக்கில் கூட்டம். சான்டா தொப்பி போட்டுக்கொண்டு குதிக்கிறவர்கள், குதிப்பவரைப் படம் எடுக்கிறவர்கள், குளிரில் அலறுகிறவர்கள். எங்கள் ஆட்கள் மூலையில் ஒதுங்கி நின்று, வருஷம் முழுக்க வருகிறவர்களின் பெருமிதத்தோடு ஒவ்வொருவரையும் எடைபோட்டார்கள். தீபாவளிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு என்றேன். டீச்சர் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

27-ஆம் தேதி விமானம். மீதியிருந்த சுக்குப் பொடி டப்பாவைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார். அழுகை வரும் வரை என்றேன்.

உங்கள் பிள்ளைகள் டப்ளினில் இருந்தால், காலையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு சாண்டிகோவ் ஸ்டேஷனில் இறங்குங்கள். இதய நோய் உள்ளவர்கள் கரையிலேயே உட்கார்ந்து பாருங்கள், அரட்டைக்குக் குறைவில்லை. பெருமழை பெய்த மறுநாள் நகராட்சி வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்காதீர்கள். ஒரு பழைய செருப்பு, கம்பளித் தொப்பி, ஃபிளாஸ்க் போதும். கொக்கி வைத்த ரவிக்கை மட்டும் வேண்டவே வேண்டாம்.